ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சாண்

படகுத்துறைச் சங்கத்தின் அவசரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், ஒரு கால் ஆடும் நாற்காலியில், செயலாளர். அவருக்கு வலப்பக்கம் தூண்டில் கடைக்காரர். இடப்பக்கம், அக்கரையிலிருந்து வந்த மர அறுவை ஆலை மேலாளர், சட்டையெல்லாம் மரத்தூளோடு. கதவை ஒட்டிய பெஞ்சில், நினைத்தபோது எழுந்துபோக வசதியாக, படகுக்காரர். ஜன்னலோரம், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, அவர் மனைவியான தையல்காரி, மடியில் ஒரு துணிப்பையோடு. பேச வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான். தையல்காரி தன் தூண்டில் நூலில் ஒரு சாண் வெட்டும் ஒவ்வொரு முறையும் ஏரியின் அகலத்தில் ஒரு சாண் குறைந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஆயிரத்து இருநூறு மீட்டர் இருந்த ஏரி, கூட்டம் நடந்த திங்கட்கிழமை காலையில் நாற்பது மீட்டர் இருந்தது.

இது தொடங்கியது அவர்கள் மகளின் கல்யாணத்தில். அந்த ஏரியில் ஆள் ஏற்றும் படகு ஒன்றுதான், அது படகுக்காரருடையது. வடக்கே சதுப்பு, தெற்கே செங்குத்துப் பாறை. சுற்றிப் போக வழி கிடையாது. மகளுக்கு அக்கரைத் தபால் நிலையத்தில் வேலை. ஆலையில் ரம்பத்துக்குக் கூர் தீட்டுகிறவனைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தவள், அப்பா நடு ஏரியில் படகைத் திருப்பிவிடுவாரோ என்று பயந்து, அக்கரைப் பதிவு அலுவலகத்துக்குப் போன காலையில் அவன் இரவல் வாங்கி வந்த மீன்பிடி ஓடத்தில் ஏறிப் போய்விட்டாள். மாப்பிள்ளை மேல் படகுக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஓடத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. "முப்பது வருஷமா ஊரே என் படகுலதான் போகுது. என் பொண்ணுக்கு ஓட்டை ஓடம் கேக்குதா? இனிமே என் படகுல அவ கால் படக்கூடாது" என்றார். மகளும் அவருக்குப் பிறந்தவள்தான். "படாது" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதி, முத்திரை குத்தி, அவரே தூக்கிவரும் தபால் பையில் போட்டு அனுப்பினாள். அன்றிலிருந்து அவர் தினமும் அக்கரைக்குப் படகு விட்டார், ஆனால் ஒரு நாளும் படகிலிருந்து இறங்கவில்லை. துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார் என்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. திரும்பி வரும்போது அக்கரை கண்ணெதிரே வரும். அப்போது தொப்பியைப் புருவம் வரை இறக்கிக்கொள்வார்.

தையல்காரி போய்ப் பார்த்திருக்கலாமே என்றால், அவள் படகில் ஏற முடியாதவள். கல்யாணத்துக்கு மறுவாரம் ஏறிப் பார்த்தாள். மூன்றாவது துடுப்பிலேயே மயங்கி விழுந்தாள். ஆகவே கரையில் நின்று அக்கரையைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். சும்மா நிற்கத் தெரியாத கை. இரண்டாம் நாளே ஒரு தூண்டில் கம்பும் ரீலும் வாங்கிவிட்டாள்.

அவள் வாங்கியது பின்னல் நூல், எட்டு இழை சேர்த்துப் பின்னியது. தலைமுடி கனம்தான் இருக்கும், ஆளையே இழுத்துப்போட்டாலும் அறாது. முனையில் புழுவுக்குப் பதில் மரத்திலும் ரப்பரிலும் செய்து கண் வைத்த பொய்மீனைக் கட்டுவாள். நூலை இரட்டையாக்கிப் பொய்மீனின் மூக்கு வளையத்தில் கோத்து, சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கினால் முடிச்சு உட்கார்ந்துகொள்ளும். நாலு வீச்சு வீசுவாள். மீன் வராது. "இது சரியில்ல" என்பாள். அடுத்த பொய்மீனை எடுப்பாள். முடிச்சை அவிழ்க்கும் பழக்கம் தையல் வேலையில் கிடையாது, வெட்டுவதுதான் பழக்கம். முடிச்சுக்கு மேலே நசுங்கிய நூலையும் சேர்த்துக் கத்தரிப்பாள். ஒரு சாண் போகும். ஒரு காலைக்கு ஒன்பது, பத்து முறை. வெட்டிய துண்டுகளைத் தரையில் போடாமல் துணிப்பையில் சேர்த்துவைத்தாள்.

முதலில் கவனித்தது துடுப்பு. ஏரியைக் கடக்க எப்போதும் நானூறு துடுப்பு. அது முந்நூற்றுத் தொண்ணூறாயிற்று, பிறகு முந்நூற்று எண்பது. இரண்டாம் வருடம் நில அளவை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அளந்து பார்த்து, தன் அளவுச் சங்கிலியில்தான் கோளாறு என்று மன்னிப்புக் கேட்டு, புதுச் சங்கிலி வாங்கப் போனவர் திரும்பவில்லை. படகில் ஏறியவர்கள், பேச்சு பாதியில் இருக்கும்போதே கரை வந்துவிடுகிறது என்று குறைப்பட்டார்கள். தண்ணீர் எங்கே போயிற்று என்றால், கீழே போயிற்று. நங்கூரக் கயிற்றை மூன்று முறை நீட்ட வேண்டியிருந்தது. ஆழம் கூடக்கூட மீன்கள் பெருத்தன. பள்ளிச் சீருடை தைக்கும் மாதத்தில் தையல்காரி பத்தொன்பது நாள் கரைப்பக்கம் வரவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் துடுப்பு இருநூற்று எண்பத்தேழிலேயே நின்றது. இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்த செயலாளருக்கு மேலே யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் முறைப்படி ஒரு சோதனை வைத்தார். வீசாமலே பத்துச் சாண் வெட்டச் சொன்னார். ஏரி அசையவில்லை. ஒரு மீனாவது வரும் என்று மனதார நம்பி வீசி, நம்பிக்கை விட்டுப்போய் வெட்டினால் மட்டுமே கணக்கில் சேர்ந்தது.

அக்கரை வந்த விதத்தைப் பார்த்தவர்கள் அதைப்பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். ஒரு ஓடு சரியவில்லை, ஒரு தம்ளர் தளும்பவில்லை. வீடுகளும் மரங்களும் ஆலையின் புகைபோக்கியும் நின்ற நிலையிலேயே நெருங்கி வந்தன. முதல் வருடம் விளக்குகள் தனித்தனியாகப் பிரிந்தன. அடுத்த வருடம் ரம்பத்தின் சத்தம் வந்தது, அதன் பின்னாலேயே ஈரமரத்தின் வாசனை. மூன்றாம் வருடம், இக்கரையில் ஒருவர் தும்மினால் அக்கரையில் திரும்பிப் பார்த்தார்கள். அலை எழும்ப இடம் போதாமல் ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

கூட்டத்தில் முதலில் பேசியவர் தூண்டில் கடைக்காரர். "அக்கா, நூலெல்லாம் என் கடையிலதான் வாங்குறீங்க, நானே இதைச் சொல்லக்கூடாது. ஆனா இதுக்கு ஒரு சின்னக் கொக்கி போதும்" என்றார். பின்னல் நூலின் முனையில் இரண்டு முழம் நைலான் நரம்பைச் சேர்த்து, அதன் நுனியில் கொக்கியைக் கட்டிவிட்டால் பிறகு பொய்மீனை மாற்ற நூலைத் தொடவே வேண்டாம். கொக்கியைத் திற, கழற்று, மாட்டு, மூடு. விரல் நகத்தில் பாதி இருக்கும் ஒரு கொக்கியை மேசைமேல் வைத்தார். நாலு பேரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

தையல்காரி பைக்குள் கைவிட்டு ஒரு பொத்தான் டப்பாவை எடுத்துத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தாள். உள்ளே அதே கொக்கி, பன்னிரண்டு. "நான் கடைக்கு வந்த முதல் நாளே கொடுத்தீங்க தம்பி. மறந்துட்டீங்க. ஒண்ணுகூடத் தொலைக்கல."

"அப்போ ஆரம்பத்துலேருந்தே தெரிஞ்சேதானா?" என்றார் செயலாளர்.

"முதல் மாசமே தெரியும். போஸ்ட் ஆபீஸ் பெட்டி சிவப்பா ஒரு புள்ளி மாதிரி இருக்கும். ஒருநாள் பார்க்கிறேன், புள்ளிக்கு மூலை தெரியுது. இப்போ அதுல பூட்டே தெரியுது. அப்புறம் எப்படிங்க கொக்கி மாட்டுறது?"

ஆலை மேலாளர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு சங்கதியும் இருக்கு. இந்த நூல் கத்தரிக்கோலைச் சீக்கிரம் மழுக்கிடும். வாராவாரம் ஒரு கத்தரிக்கோல் எங்க ஆலைக்கு வருது. எங்க ரம்பக்காரன், அதான் இவங்க மாப்பிள்ளை, தீட்டித் திருப்பி அனுப்புறான். அதை யாரு கொண்டுவந்து கொடுக்கிறா?"

எல்லோரும் கதவுப்பக்கம் திரும்பினார்கள்.

"பொட்டலத்துல என்ன இருக்குன்னு நான் பிரிச்சுப் பாக்கிறதில்ல" என்றார் படகுக்காரர்.

"பொட்டலத்து மேல 'கத்தரிக்கோல், கவனம்'னு உங்க கையெழுத்து இருக்கே."

படகுக்காரர் எழுந்து கதவு வரை போனார், வெளியே போகவில்லை. "நான் அங்க போகல. அவ இங்க வரல. கரை தானா வந்தா அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். கதவைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "நானூறு துடுப்புலேருந்து எண்ணிக்கிட்டு வரேன். ஒவ்வொண்ணு குறையும்போதும் தெரியும். வாயைத் திறந்தா இவ நிறுத்திடுவாளோன்னு இருந்தது."

தையல்காரி அவரைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அவள் கேட்காத பேச்சு அது.

மேலாளரின் கவலை வேறு. ஏரி மூடிவிட்டால் அவருடைய மரங்கள் மிதந்துபோக வழி இல்லை. செயலாளரின் கவலை, படகுக்காரர் பிறகு என்ன வேலை செய்வார் என்பது. உங்களுக்கு என்னதான் வேண்டும், சொல்லுங்கள் என்று அவரையே கேட்டார். படகுக்காரர் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "படகோட நீளம் ஏழு மீட்டர்" என்று மட்டும் சொன்னார். புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு தீர்மானம் எழுதப்பட்டது: ஏரி படகின் நீளத்துக்கு வந்து நிற்க இன்னும் நூற்றைம்பது வெட்டு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதற்குமேல் கொக்கி. மரம் மிதக்கவிடும் நாட்களில் படகைத் திருப்பி வழிவிட வேண்டும். எதிர்ப்பு இல்லை.

நூற்றைம்பது வெட்டுக்குப் பதினாறு காலைகள் ஆயின. இரண்டு கரையிலும் ஜனங்கள் வேலைக்குப் போகும் முன் வந்து நின்றார்கள். கடைக்காரர் பொய்மீன்களைத் தட்டில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தார். செயலாளர் எண்ணினார். ஒவ்வொரு கத்தரிப்புக்கும் எதிர்க்கரையில் நின்றவர்கள் ஒரு சாண் பெரிதானார்கள். பொத்தான் தெரிந்தது, பிறகு பொத்தான் துளை, பிறகு இமை. ரம்பக்காரன் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள்.

நூற்று நாற்பத்தொன்பது முடிந்து, கடைசிப் பொய்மீனை வீசியபோதுதான் மீன் எடுத்தது. மூன்று வருடமாகக் கீழே ஆழம் கூடிப் பெருத்துக்கொண்டிருந்த மீன். கம்பு பாதியாக வளைந்தது. ரீல் அலறியது. மீன் நேர்கீழே போனது, முப்பது மீட்டர், ஐம்பது, எண்பது. கரையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே விஷயம் புரிந்தது. நூல் இப்போது அறுந்தால் போவது ஒரு சாண் அல்ல. மீதி இருப்பது ஏழு மீட்டர் ஏரி. கரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். இரண்டு பக்கமும் முன்வரிசையில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"இழுக்காதே! விடு, விடு, அது போகட்டும்!" என்று கத்தினார் படகுக்காரர்.

"விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்! நீங்க சும்மா இருங்க!"

அவள் விட்டாள், சுற்றினாள், மறுபடி விட்டாள். நெடுநேரம் கழித்து மீன் மேலே வந்தது, அக்கரை ஓரமாக. நூல் பாறையில் உரசத் தொடங்கியது. பின்னல் நூலுக்கு இழுப்பு ஒன்றும் செய்யாது, உரசல்தான் எமன். ஒரு இழை பிரிவது தையல்காரியின் விரலுக்குத் தெரிந்தது. அவள் சொல்வதற்குள் மகள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். பாறைக்கு முன்னால் கைநீட்டி நூலைப் பிடித்து, தன் உள்ளங்கையில் ஓடவிட்டாள். ஒரே நூலின் ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை மகளும் பிடித்தபடி நின்றார்கள். அந்த நேரம் எவ்வளவு என்று செயலாளர் குறிக்கவில்லை. அவருடைய பதிவுகளில் காலியாக விடப்பட்ட ஒரே கட்டம் அது. ரம்பக்காரனும் இறங்கி மீனை அணைத்துப் பிடித்தான். அது அவன் நெஞ்சளவு இருந்தது. மகள் அதன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றினாள். மீன் அவசரமில்லாமல் கீழே போயிற்று.

"அம்மா, சுத்திக்கோ" என்றாள் மகள்.

தையல்காரி சுற்றினாள். வந்து சேர்ந்த பொய்மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுவும் சரியில்ல" என்றாள். இரண்டு கரையும் சிரித்தது. கத்தரித்தாள். குறுக்கே நிறுத்திவைத்திருந்த படகின் முன்மூக்கு அக்கரைச் சேற்றிலும் பின்மூக்கு இக்கரைச் சேற்றிலும் மெதுவாகப் பதிந்தன. படகுக்காரர் ஏறி நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். ஆடவில்லை. மனைவியின் கையைப் பிடித்து ஏற்றினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏழு மீட்டர் நடந்தாள். அக்கரையில் நின்ற மகள் படகின் விளிம்பைத் தொடாமல் எட்டி நின்றே அம்மாவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

செயலாளர் அன்றே நில அளவை அலுவலகத்துக்கு எழுதினார். ஏரியின் அகலம் இனி ஏழு மீட்டர் என்றும், வரைபடத்தைத் திருத்தி ஒரு பிரதி அனுப்புமாறும், சங்கிலியில் கோளாறு ஏதும் இல்லை என்றும் கடிதம் சொன்னது. பதிவுத் தபால். படகுத்துறை உரிமம் படகுக்காரர் பெயரில் இருந்ததால், அவரே நேரில் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். படகுக்காரர் உறையை ஈரத்துணியால் தொட்டு ஒட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படகைக் கடந்து அதன் முனையில் நின்றார்.

"வாக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ கேலியாகக் கேட்டார்கள்.

"அவ கால் படக்கூடாதுன்னுதான் சொன்னேன். என் காலைப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மேட்டில் ஏறிப் போனார். தபால் நிலையத்தில், ஈரப் பாவாடையோடு மகள் அதற்குள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கடிதத்தை நீட்டினார். அவள் தராசில் வைத்தாள், எழுதினாள், அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அந்த உள்ளங்கையில் நூல் ஓடிய கோடு சிவப்பாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"எத்தனை நாள்ல போய்ச் சேரும்?" என்றார்.

"மூணு நாள்பா" என்று சொல்லி, அவள் முத்திரையைக் குத்தி, கடிதத்தை வெளியூர்ப் பையில் போட்டாள்.