ஐந்தாவது ஜாடி

"நோய் பிடிச்ச மீனைக் கொண்டுவந்து என் தலையில கட்டி..."

"யாரு மீனுக்கு நோவு? நேத்து காலைல புட்ச்சது சார், துள்ளிகினு..."

"துள்ளின மீன் நல்ல தண்ணியில ஏம்மா சாகுது?"

"அத்த நீ சொல்லு! ஜாடி உன்னுது, தண்ணி உன்னுது, செத்தது மட்டும் என்னுதா? இதப் பாரு, நேத்து உனக்குக் குடுத்ததுல மிச்சம்."

மீன்காரி சொக்கம்மாள் இடுப்புக் குடத்தை மேசைமேல் வைத்தாள். உள்ளே கெண்டைக்குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆய்வக அதிகாரி சங்கரநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே ஐந்து கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்குப் பத்து மீன். நான்கில் நகராட்சிச் சாக்கடை நீர் கூட்டியும் குறைத்தும் கலந்தது. ஐந்தாவதில் வெறும் நல்ல தண்ணீர். ஐந்திலுமே வெள்ளை வயிறுகள் மிதந்தன.

"அஞ்சாவது ஜாடி பிழைச்சாத்தாம்மா மத்த நாலும் செல்லும். இதுவும் செத்துட்டா, சாக்கடைதான் கொன்னுதுன்னு எப்படி எழுதறது?"

"எழுதலன்னா?"

"ஒண்ணாந்தேதி நகராட்சியில இந்தச் சாக்கடைய உங்க சடையங்குப்பம் ஏரியில திறந்து விட்டுருவாங்க."

"மழைன்னா அந்த ஏரி எங்க வூட்டுக்குள்ள வந்துரும் சார். அந்தக் கலீஜும் சேர்ந்து வந்தா புள்ளைங்கள எங்க தூக்கி வெப்பேன்?"

அவள் ஐந்தாவது ஜாடியில் விரலை நனைத்து முகர்ந்தாள்.

"இது இன்னா தண்ணி?"

"குழாய்த் தண்ணி. கிணத்து பம்பு ரிப்பேர்."

"அக்காங்! மருந்து நாத்தம் அடிக்குது. போன வருசம் இத்த ஊத்தித்தான் ஒரு குடம் மீனு எனக்குப் போச்சு. தொட்டியில ஒரு நாள் வெயில்ல வெச்சிட்டு ஊத்தணும்."

"குளோரின்!" அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தோணியிருக்கணும்."

"உனக்கு மீனு புதுசு சார், அவ்ளோதான். இன்னும் நாளு கீதா?"

"இன்னிக்கு இருபத்தஞ்சு. தண்ணிக்கு ஒரு நாள், சோதனை நாலு நாள்... முப்பது."

"போதுமே! தொட்டிய வெளிய போடச் சொல்லு. மீனுக்கு நானாச்சு."

முப்பதாம் தேதி மதியம், சாக்கடை ஜாடிகளில் மூன்றில் மீன்கள் முழுக்கச் செத்துவிட்டன. நான்காவதில் இரண்டு மட்டும் தள்ளாடின. ஐந்தாவதில் பத்தும் விளையாடின. 'சுத்தம் செய்யாமல் ஏரியில் விடக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்ட சங்கரநாராயணன், தாளை அவளுக்குப் படித்துக் காட்டினார்.

"இன்னொரு தபா படி சார்."

படித்தார். அவள் பிழைத்த பத்தையும் குடத்தில் அள்ளிக்கொண்டு, "ஏரிலயே வுட்டுர்றேன்" என்றாள். அவர் சிரித்தபடி மேசைமேலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

சொக்கம்மாள் வாசலில் நின்று திரும்பினாள்.

"சார், அது கெணத்துத் தண்ணியா, கொழாத் தண்ணியா?"