டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மாட்டிய சக்கரம்

புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால், எங்கள் கார் குதிகாலைத் தூக்கி எக்கி நிற்கிற மாதிரி வாசலில் நிற்கிறது. பக்கத்தில் என் வீட்டுக்காரரும் என் தம்பியும். இரண்டு பேருக்கும் கையெல்லாம் கரி, வாயெல்லாம் பல்.

"எப்படி இருக்கு?" என்றார் அவர்.

குனிந்து பார்த்தேன். பழைய பதினான்கு அங்குலச் சக்கரங்களைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று பதினாறு அங்குல அலாய் சக்கரங்கள், கொழுத்த டயர்களோடு.

"நம்ம காரோட புது மாடல்லேர்ந்து கழட்டினது அக்கா," என்றான் தம்பி. அவன் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நாற்பது வயதாகியும் காரைக் கண்டால் பொம்மை கிடைத்த பிள்ளைதான். "அந்த வண்டிக்காரர் இதைவிடப் பெரிசா மாட்டிக்கிட்டார். நட்டு ஓட்டையெல்லாம் நம்ம வண்டிக்கு அச்சு அசலாப் பொருந்திடுச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இதே வண்டியில் எனக்கு டிரைவிங் டெஸ்ட். அதுவும் மூன்றாவது தடவை.

லைசென்ஸ் எனக்கு ஊர் சுற்ற இல்லை. நான் நர்ஸ். இருபது வருஷமாக ஒரே வார்டு, ஒரே மருந்து வாடை. எழுந்து நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற வேலை ஒன்று காலியாகியிருந்தது. வார்டில் எல்லாரும் கட்டில் நம்பர்தான். வீட்டில் போய்ப் பார்த்தால் மனுஷர்களாக இருப்பார்கள் என்று எனக்கு அந்த வேலை மேல் அப்படி ஒரு ஆசை. போக வேண்டிய வீடுகளின் பட்டியலைக்கூட வாங்கி வந்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டினால் உனக்குத்தான், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மேட்ரன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு டெஸ்ட்டுன்னு தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும். அளவெல்லாம் எடுத்துத்தான் மாட்டினோம்." கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைத் தொட்டுக் காட்டினார். அவர் டெய்லர். வீட்டு முன்னறைதான் கடை. அந்த டேப்பால் அளந்துவிட்டால் உலகத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. "டயருக்கு மேல நாலு விரல்கட்டை இடம் இருக்கு. தச்சு வெச்ச மாதிரி உக்காந்திருக்கு பாரு."

"பழசை மாட்டுங்க. இப்பவே."

தம்பி தலையைச் சொறிந்தான். பழைய சக்கரங்களை ஒர்க்‌ஷாப்பில் வைத்துப் பூட்டியாயிற்றாம். சாவி முதலாளியிடம். அவர் காலையில் பத்து மணிக்குத்தான் கடை திறப்பார். நான் இருவரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே!

காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்று மூன்று பேரும் போனோம். நேராக ஓட்டும்போது வண்டி வெண்ணெய் மாதிரி போனது. நானே கொஞ்சம் மனம் மாறியிருப்பேன். திரும்புவதற்காக ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தேன். முன்பக்கம் அடியிலிருந்து கர்ர்ர்ரென்று ஒரு சத்தம்.

தம்பி படுத்துப் பார்த்தான். "டயர் உள்பக்கம் மட்கார்டு பிளாஸ்டிக்கில உரசுது மாமா."

"நாலு விரல்கட்டை இருந்துச்சே!"

"அது நேரா நிக்கும்போது. திரும்பும்போது இல்ல."

நான் காரைவிட்டு இறங்கினேன். "ஏங்க, முப்பது வருஷமாச் சட்டை தைக்கிறீங்க. அளவெடுத்துட்டு ஒவ்வொரு ஆளையும் கையைத் தூக்குங்க, முன்னால நீட்டுங்கன்னு சொல்லிப் பார்ப்பீங்களே. வண்டிகிட்ட சொன்னீங்களா?"

பாவம், அவர் முகம் தொங்கிப்போனது. சட்டைப்பையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்தார். உரசுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டீயரிங்கை நிறுத்தி, இரண்டு பக்கமும் கோடு போட்டார். "இதைத் தாண்டி ஒடிக்காதே. உரசாது."

"சரி. மூணு திருப்பு எப்படிப் போடுறது?"

தம்பி அவரைப் பார்த்தான், அவர் சக்கரத்தைப் பார்த்தார். குறுகலான தெருவில் வண்டியை முன்னும் பின்னும் எடுத்து வந்த வழியே திருப்ப வேண்டும். டெஸ்ட்டில் அதுதான் எனக்குக் கண்டம். மூணே மூணு திருப்பில் முடிக்கணும் என்று இருவரும் ஆறு மாதமாக என் காதில் ஓதியிருந்தார்கள். இரண்டு தடவையும் மூன்றில் முடிக்கிற அவசரத்தில்தான் ஓரக்கல்லில் ஏற்றித் தோற்றேன். முழுசாக ஒடித்தே முடியாதது, இப்போது அரைகுறையாக ஒடித்தா முடியப்போகிறது? தம்பி வேறு, போகிற போக்கில், "அக்கா, பெரிய சக்கரம், அதனால மீட்டர் குறைச்சுக் காட்டும். டெஸ்ட்ல நாப்பதைத் தாண்டக்கூடாது. இதுல நாப்பதுன்னா நிஜத்துல நாப்பத்தி மூணு. முப்பத்தஞ்சுலயே போ," என்றான்.

டெஸ்ட் எடுக்க வந்தது முன்பு இரண்டு தடவையும் என்னை ஃபெயிலாக்கிய அதே அம்மாள். மூக்கு நுனியில் கண்ணாடி, சிரிப்பில் மகா சிக்கனம். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"போன தடவை பார்த்ததுக்கு வண்டி வளர்ந்திருக்கே?"

"ஆமா மேடம். நேத்துதான்."

ஏறி உட்கார்ந்தார். மீட்டர் முப்பத்தைந்தைத் தாண்டாமல் நான்கு தெருக்களைக் கடந்தேன். ஒரு குறுகலான தெருவில், "இங்க திருப்புங்க," என்றார். நான் வண்டியை நிறுத்தினேன். மூன்றுக்கு முயன்று கல்லில் ஏறுவதைவிட உண்மையைச் சொல்லித் தோற்பது மேல் என்று தோன்றிவிட்டது.

"மேடம், முழுசா ஒடிச்சா டயர் உரசும். அதனால என்னால மூணு திருப்புல முடிக்க முடியாது. ஃபெயில்னு இப்பவே எழுதிக்குங்க."

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "மூணுல முடிக்கணும்னு யார் சொன்னது?"

"என் வீட்டுக்காரர்."

"அவர் எங்க ஆபீஸ்லயா இருக்கார்?"

"இல்ல மேடம். டெய்லர்."

அம்மாளின் உதடு ஒரு பக்கம் துடித்தது. "ஓரக்கல்லைத் தொடக்கூடாது. வர்றவங்க போறவங்களுக்கு வழி விடணும். அவ்வளவுதான். நிதானமா எத்தனை தடவை வேணும்னாலும் எடுங்க. அந்த உரசலை மட்டும் இன்னிக்கே சரி பண்ணுங்க."

ஆறு மாதம்! ஆறு மாதமாக இல்லாத ஒரு சட்டத்துக்குப் பயந்து கைகால் உதறியிருக்கிறேன். வந்த கோபத்தில் பயம் இருந்த இடம் தெரியவில்லை. சாக்குக்கோடு வரை ஒடித்தேன், முன்னால் போனேன். எதிர்ப்பக்கம் ஒடித்தேன், பின்னால் வந்தேன். நடுவில் ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டேன். அவசரமே படவில்லை. கல் ஒரு சாண் தள்ளியே இருந்தது.

வெளியே கேட்டுப் பக்கத்தில் இரண்டு பேரும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். "மூணுல முடிச்சியா?" என்று ஓடி வந்தார் அவர்.

"ஏழு."

"போச்சு," என்று தம்பி தலையில் கைவைத்தான்.

"ஒண்ணும் போகல. பாஸ்!" காகிதத்தை இரண்டு பேர் மூக்குக்கு முன்னாலும் ஆட்டினேன். "மூணுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? யார் சொன்னா உங்களுக்கு?"

அவர் யோசித்தார். "எங்க அப்பா சொன்னார்." அவருடைய அப்பாவும் டெய்லர்தான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, நேரா ஒர்க்‌ஷாப்புக்கு விடலாம். பழைய சக்கரத்தை மாட்டிட்டுத்தான் மறு வேலை," என்றேன்.

"வேண்டாம்மா," என்றார் அவர், உடனே. "உள்ள அந்தப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்டினா உரசாது. இந்தச் சக்கரமே இருக்கட்டும்."

"அப்படி என்ன பிடிவாதம் இந்தச் சக்கரத்து மேல?"

அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார். தம்பிதான் சொன்னான். "அக்கா, ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கியே, நீ போகப்போற வீடுங்க லிஸ்ட். ஞாயித்துக்கிழமை மாமா என்னையும் கூட்டிக்கிட்டு அத்தனை வீட்டுக்கும் ரோடு எப்படின்னு பார்த்துட்டு வந்தார். கல்குவாரி ரோட்டுல நாலு இடத்துல வண்டியோட அடி தட்டிடுச்சு. நீ தனியாப் போற இடத்துல ஆயில் டாங்க் உடைஞ்சா என்ன ஆகும்னு மனுஷன் ரெண்டு நாள் என் பிராணனை வாங்கிட்டார். அப்புறம்தான் இந்தச் சக்கரத்தைத் தேடிப் பிடிச்சோம்."

இரண்டு தடவை தோற்றவள் நான். மூன்றாவது தடவையும் தோற்பேன் என்று ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள்.

"டெஸ்ட்டே முடியல. வேலை கிடைக்குமான்னே தெரியல. அதுக்குள்ள ரோடு பார்க்கப் போனீங்களா?"

"ஏன், கிடைக்காதுன்னு யார் நெனச்சா?" என்றார்.

அவர் முகத்தில் கேலி இல்லை. என் கேள்வி அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.