உறுமலுக்கு நடுவில்

…சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், ரிக்கார்டிங் செய்த அந்த அறையின் சுவரில் நாங்கள் அடித்திருந்தது பழைய மெத்தைகளா, முட்டை அட்டைகளா, ஜன்னல் என்று ஒன்று இருந்ததா, இருந்ததை நாங்கள்தான் அடைத்தோமா… ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் அறை கொஞ்சம் சின்னதாகிறது, நாங்கள் நாலு பேரும் கொஞ்சம் ஒல்லியாகிறோம், எனக்குத் தலை நிறைய முடி வந்துவிடுகிறது. அதெல்லாம் போகட்டும், சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இன்றைக்கு மதியத்திலிருந்து இந்த ஸ்டுடியோ நாற்காலியில் காதை மூடிய ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறேன், அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பின்னால் சோபாவில் எங்கள் பாடகனின் மகள் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது, என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், டாக்டர் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்போமே அப்படி, நல்லவேளை அவளுக்குக் கிடைத்தது முதுகு.

‘எலும்புக் கிடங்கு’ என்பது ஆல்பத்தின் பெயர், எங்கள் முதல் ஆல்பம், முதலும் அதுதான் கடைசியும் அதுதான். அந்த வயதில் அப்படியெல்லாம்தான் பெயர் வைக்கத் தோன்றும். நாங்கள் வாசித்த டெத் மெட்டல் இசை என்றால் கிடார் கம்பிகளைத் தொளதொளவென்று தளர்த்திவிட வேண்டும், அது சேறு கொதிப்பதுபோல இரைய வேண்டும், டிரம்ஸ் படிக்கட்டில் பீரோ உருண்டு வருவதுபோல வர வேண்டும், அதன் மேல் ஒருவன் பாடக் கூடாது, அடிவயிற்றிலிருந்து உறும வேண்டும். அட்டைப்படத்துக்கு மண்டையோட்டு மலை கேட்டோம், வரைந்தவர் பல் டாக்டர்களுக்குப் பலகை எழுதுகிறவர், கை பழக்கத்தில் எல்லா மண்டையோடுகளுக்கும் வரிசைப் பல்லும் சிரிப்புமாக வரைந்து கொடுத்துவிட்டார். அதைத்தான் இப்போது எங்கேயோ ஒரு நாட்டில் சில பிள்ளைகள் பெரிய விஷயமாகப் பேசுகிறார்களாம், அந்தச் சிரிப்பில்தான் உண்மையான பயங்கரம் இருக்கிறது என்று ஒருவன் எழுதியிருக்கிறானாம், மறுபடி வெளியிடப் போகிறார்களாம், மூல டேப்புகள் வேண்டுமாம். டிரம்ஸ் அடித்த இடிதான் போன் பண்ணினான், டேய் கட்டை, நம்ம கெழட்டு எலும்பையெல்லாம் தோண்டி எடுக்கப் போறாங்களாம்டா, என்று. நான் குள்ளம், அதோடு பேஸ் கிடார் வாசித்தவன், கட்டையான சுரம், அதனால் கட்டை. டேப்புகள் இத்தனை காலமும் அவன் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கின்றன, அவன் மனைவி அதன் மேல் பழைய செருப்புகளை அடுக்கி வைத்திருந்தாளாம்.

செய்தி எப்படியோ இந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது. நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு வந்தாள், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன், யாரோ பவர் சரியில்லை என்று சண்டைக்கு வந்திருப்பதாகத்தான் நினைத்தேன். நெற்றியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் பாடகனின் நெற்றி, அதே மேடு. மருந்துக்கடையில் வேலை என்றாள், அம்மா சௌக்கியம் என்றாள், பிறகு கவுண்டரில் கிடந்த கண்ணாடித் துணியை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்து…

“மாமா, அப்பா பேசுற மாதிரி எங்கயாச்சும் இருக்கா? அந்தக் கத்துற மாதிரி இல்ல. சும்மா பேசுற மாதிரி.”

அவன் சாகும்போது இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு காய்ச்சல், மூளைக்கு ஏறிவிட்டது, சனிக்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. போட்டோ நிறைய இருக்கிறது, கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வசதியில்லை. பாடகனின் மகள், அப்பா குரலுக்கு என்ன குறைச்சல் என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஆனால் அவளிடம் இருப்பது அந்த ஒரே ஆல்பம், அதில் முழுக்க உறுமல். சின்ன வயதில் ஒருமுறை போட்டுப் பார்த்து பயந்து அம்மா மடியில் ஏறிக்கொண்டாளாம், அம்மாவும் இது உங்கப்பா இல்லடி, நாய் உறுமுது என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டாளாம். அப்பா குரல் எப்படிம்மா இருக்கும் என்றால் நல்லா இருக்கும் என்பாளாம். எப்படி நல்லா? நல்லான்னா நல்லா. அதற்கு மேல் அவளாலும் சொல்ல முடியவில்லை, பாவம், யாரால்தான் சொல்ல முடியும், ஒரு குரலை எதை வைத்துச் சொல்வது.

இருக்காது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை… எனக்குத் தெரியுமே, அவனை நாங்கள் ஊமை என்று கூப்பிட்டதே அதனால்தானே. ரிக்கார்டிங் நாட்களில் தூங்கி எழுந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். பேசின தொண்டையில் உறுமல் சுத்தமாக வராது என்பது அவன் கட்சி. டீ வேண்டுமென்றால் விரலால் காட்டுவான், கோபம் வந்தால் காலால் தரையைத் தட்டுவான், இடி அவனைப் பேச வைக்க என்னென்னவோ செய்து பார்த்தான், உன் பொண்டாட்டி வாசல்ல நிக்கிறாடா என்றுகூடச் சொன்னான், அவன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து இடியின் தலையில் குட்டினானே தவிர வாயைத் திறக்கவில்லை. மேடையிலும் அப்படித்தான், அடுத்த பாட்டின் பெயரைக்கூட உறுமித்தான் சொல்வான், கூட்டத்தில் ஒருவருக்கும் புரியாது, எல்லோரும் கை தட்டுவார்கள். அதோடு எங்களுக்கும் ஒரு கிறுக்கு இருந்தது. ஆல்பத்தில் மனுஷன் இருக்கிற வாசனையே வரக் கூடாது என்பார் கிடார்காரர், எங்களில் மூத்தவர், நாங்களும் தலையாட்டினோம், இடி ஒன்று இரண்டு என்று எண்ணித் தொடங்குவது, யாராவது தும்முவது, சிரிப்பது, எல்லாவற்றையும் தேடித் தேடி அழித்தோம். டேப்பைப் பின்னால் ஓட்டி அதன் மேலேயே வெற்று அறையைப் பதிவு செய்தோம். ரொம்பப் பெருமையாக இருந்தது அந்த வேலை. ஒரு மனிதனை அவன் இருந்த இடத்திலிருந்து இவ்வளவு சுத்தமாக எடுக்க முடியும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது, விளையாட்டாகச் செய்தோம், பிறகு காய்ச்சல் வந்து மிச்சத்தைச் செய்தது…

ஸ்டுடியோக்காரத் தம்பி திறமைசாலி. பழைய டேப் பிசுபிசுத்துப்போயிருக்கும், அப்படியே ஓட்டினால் உரிந்து கையோடு வந்துவிடும் என்று ஒரு பெட்டியில் இளஞ்சூட்டில் காய வைத்திருக்கிறான், பிஸ்கட் சுடுற மாதிரிதான் சார் என்றான், பிறகு ஓட்டி கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். அழிக்க மறந்த ஓரங்கள் இருக்கலாம், கேளுங்க, என்று ஊமையின் மைக்கில் பதிவானதை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறான். நாங்கள் ஒரே அறையில் எல்லோரும் ஒன்றாக வாசித்தோம், அதனால் எங்கள் சத்தம் பின்னால் எங்கோ பக்கத்துத் தெருக் கல்யாணம்போலக் கேட்கிறது, முன்னால் அவன் மட்டும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கிடார் இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல், அந்த உறுமலில் பயமே இல்லை, தனி ஆளாக ஒரு கட்டிலை மாடிக்கு இழுத்துக்கொண்டு போகிறவன்போல இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு இழுக்கிறான். வரி முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு மூக்கால் விடுகிறான். நீயாடா இது, இவ்வளவு கஷ்டப்பட்டாயா, என் பக்கத்தில் நின்றுகொண்டுதானே இதையெல்லாம் செய்தாய், நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பாட்டு முடிகிறது, டிரம்ஸின் சிம்பல் தகடு அதிர்ந்து அடங்குகிறது, வெற்று அறை, அடுத்த பாட்டு தொடங்குகிறது, மறுபடி மூச்சு… இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில், அழித்த இடத்தின் விளிம்பில், யாரோ சொன்னார்கள்.

“சரி.”

அவ்வளவுதான். மெலிதாக, கொஞ்சம் களைப்பாக, கடைசி எழுத்தை இழுத்து. தம்பி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான், யார் சார் இது என்றான். அவன்தான் என்றேன். எப்படி அவ்வளவு சட்டென்று சொன்னேன்? அவன் மைக்கில், அவ்வளவு பக்கத்தில், வேறு யார்… உறுதியாகத் தெரிந்துதான் சொன்னேனா, பின்னால் சோபாவின் ஸ்பிரிங் சத்தம் கேட்டதால் சொன்னேனா. அவள் எழுந்து வந்துவிட்டாள். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன், என் காதுச் சூடு அதில் இருந்தது, அதைத் துடைத்துக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது, அந்த நேரத்தில் எதையெல்லாம் நினைக்கிறது மனசு. அவள் கேட்டாள். மறுபடி போடச் சொல்லி விரலால் காட்டினாள். மறுபடி. அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன், அழவில்லை, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தாள்.

“இவ்ளோ மெல்லிசா இருக்கு மாமா. நான் வேற மாதிரி நினைச்சிட்டு இருந்தேன்.” ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “எதுக்கு சரின்னு சொன்னாங்க?”

இன்னொரு தடவை வாசிக்கலாமா என்று நாங்கள் கேட்டிருப்போம் என்றேன். அதற்கு அப்பா சரி சொல்லியிருப்பார். யாரையும் இல்லைன்னு சொல்ல மாட்டாராமே, அம்மா சொல்லும், என்றாள். ஆமாம் என்றேன், அது உண்மைதான், அது ஒன்று உண்மை. தம்பி அந்த ஒரு வார்த்தையை மட்டும் வெட்டி அவள் போனுக்கு அனுப்பினான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள், அவள் ரோட்டைத் தாண்டும்வரை எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதுபோல இருந்தது, ஒரு வயிறு நிறைந்த உணர்வு…

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பாதி வழியில் என் மகன் கூப்பிட்டான், வேறு ஊரில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான், பேசுவதற்கு எங்களுக்கு அதிகம் கிடையாது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன், குளிர் ஆரம்பித்துவிட்டது பார்த்துக்கொள் என்றேன். சரி, என்றான்.

மெலிதாக. கொஞ்சம் களைப்பாக. கடைசி எழுத்தை இழுத்து.

போன் காதிலேயே இருக்கிறது, அவன் வைத்துவிட்டான். பையனுக்கு என் குரல், அச்சு அசல் நீங்கதான் என்று என் மனைவி சொல்லுவாள், எனக்கு ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை, யாருக்குத்தான் தன் குரல் தெரியும். நான் ஊமைக்குப் பக்கத்தில்தான் நின்றேன், அவன் மைக் எனக்கும் எட்டுகிற தூரம்தான், இன்னொரு தடவை என்று கிடார்காரர் கேட்டால் யார் பதில் சொல்லியிருப்பார்கள், வாய் திறக்காதவனா… பக்கத்து சீட்டுக்காரர் இறங்கியதும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், சரி, சரி. இது கிழவன் குரல், சளி கட்டின குரல், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் உலகத்தில் களைத்துப்போன எந்தப் பையன் சொன்னாலும் சரி இப்படித்தானே இருக்கும்? அன்றைக்கு ஒரே ஒரு தடவை அவன் மறந்துபோய்ப் பேசியிருக்கலாம் இல்லையா, பேசக் கூடாது என்பதை மறக்கிற அளவுக்குக் களைத்திருந்தானே, அந்த மூச்சைக் கேட்டேனே. இடிக்குப் போன் பண்ணினேன். ஊமை பேசுனா எப்படிடா இருக்கும் என்றேன். பக்கத்தில் டிவி ஓடியது, அதைக் குறைத்தான், அப்புறம், “அவன் குரலே மறந்துபோச்சுடா எனக்கு,” என்றான், நானும் சேர்ந்து மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது, எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை, அவன் உறுமலை எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டி, அதையே அவன் என்று சொல்லிச் சொல்லி, அதற்கு அடியில் இருந்தது எப்போதோ நழுவிப் போயிருக்கிறது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தது.

ஆல்பம் மறுபடி வந்தது, சிரிக்கும் மண்டையோடுகளோடு. இடி இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், இடது காது கேட்காது, பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் சத்தம் போடும் என்கிறான். கிடார்காரர் தனக்கு வந்த பிரதியைப் பிரிக்காமல் வைத்திருந்தார், போன மழைக்காலத்தில் இறந்துபோனார். என் மகன் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறான். ஊமையின் மகள் அந்த வார்த்தையைத் தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள், அவள் கேட்டுவிட்டு, ம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாளாம். பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது, தினமும் போனை அதன் காதில் வைத்து, தாத்தா என்று சொல்லி அந்த வார்த்தையைப் போடுகிறாள். நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.