பாவாத்தாள் வாசலுக்கு வந்த சீர்

இளவேனில் எடுப்பது சின்னப் படம். கையிலிருந்த காசும் கொஞ்சம்தான். ஊர் நோம்பித் திருவிழாவைப் பற்றிய சிரிப்புக் கதை. நாயகனாக நடிக்கும் பிரான்சிஸ், சூலூரில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். செட் போட வக்கில்லாததால் இளவேனிலின் அம்மா பாவாத்தாளின் ஓட்டு வீடுதான் படத்தில் நாயகனின் வீடு. கடைசிக் காட்சியில் ஊரே சீர்த்தட்டோடு அந்த வாசலுக்கு வரவேண்டும். வாட்சப்பில் எல்லாருக்கும் அழைப்பு அனுப்பினாள். வந்தது மூன்று பேரும் ஒரு நாயும்.

"நாளைக்கும் கூட்டம் வர்லீன்னா அந்த சீனே இல்லீம்மா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பாவாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போன்ல கூப்புட்டா ஆரு கண்ணு வருவாங்க? ஊடு தேடிப் போயி அழைக்க வேண்டாமா?"

இருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டினாள். குங்குமச் சிமிழும் வெற்றிலை பாக்குமாக ஐம்பது வீடு ஏறி இறங்கினாள். பாதி வீடுகள் அவள் கூலிக்குக் களையெடுத்த நிலங்களின் சொந்தக்காரர்களுடையவை. அந்த வாசல்களில் வேலை கேட்டு நின்றிருக்கிறாள். விசேஷத்துக்கு அழைக்கப் போனதில்லை. கால் கூசத்தான் செய்தது. ஆனாலும் தோட்டத்துச் சொந்தக்காரர் வெங்கடபதியிடம் நிமிர்ந்து நின்றே சொன்னாள்:

"எம்புள்ள படம் எடுக்கறாளுங்க. குடும்பத்தோட வந்துருங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை தெருமுனையில் ஜமாப் மேளம் அதிர்ந்தது. மேளத்துக்கு இளவேனில் ஏற்பாடே செய்யவில்லை! பட்டும் வேட்டியுமாக ஊர் திரண்டு வந்தது. பூவும் பழமுமாக நிஜத் தட்டுகள். முன்னால் வெங்கடபதி. ஒளிப்பதிவாளன் ஜாவித் அவசரமாகக் கேமராவை ஓடவிட்டான்.

மாலையோடு நின்ற பிரான்சிஸ் கை நீட்டினான். அவனை யார் சட்டை செய்தார்கள்? அழைத்தவள் கையில்தானே சீரைக் கொடுக்க வேண்டும்! கூட்டம் அவனைத் தாண்டி, கேமராவுக்குப் பின்னால் நின்ற பாவாத்தாளிடம் போனது.

"வாங்கிக்குங்க அம்மணி" என்றார் வெங்கடபதி. இருபது வருடம் 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவர்.

பாவாத்தாள் வாங்கினாள். பெருமையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க ஐயா, தட்டு ஹீரோ கைக்குப் போகணுமுங்க! இன்னொரு டேக்குங்க!" என்று கத்தினாள் இளவேனில்.

"அதுக்கென்னங்க, இன்னொருக்கா வாரோமுங்க" என்றார் வெங்கடபதி.

தட்டுகளோடு தெருமுனைக்குப் போய், மேளத்தோடு மறுபடி வந்தார்கள். மறுபடியும் பிரான்சிஸைத் தாண்டி நேராகப் பாவாத்தாளிடமே!

இளவேனில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரான்சிஸ், கொஞ்சம் தள்ளிக்கங்க. ஜாவித், கேமராவ அம்மா பக்கம் திருப்புங்க."