பெரிய மாப்பிள்ளையின் நடுப்பெட்டி

ஒரு மனிதனின் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதற்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா? வாயை ஆவென்று திறக்கச் சொல்லி, இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை நாக்கடியில் மாட்டிவிட்டு, அதற்கப்புறமா காட்டுவது? பெரிய மாப்பிள்ளைக்கு அப்படித்தான் நடந்தது. சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தவரின் மூக்குக்கு நேரே, விளக்கு வெளிச்சத்தில், சின்ன மாப்பிள்ளை கையுறை விரல்களால் ஒரு காசைப் பிடித்துக் காட்டினார்.

"அண்ணா, இது அதுதானான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நான் நம்புவேன்."

சொல்வதற்கு வாய் எங்கே இருக்கிறது?

இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். முப்பது வருஷத்தில் ஒரு புள்ளி அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை என்று பெயர். தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை, பல் டாக்டர். பெரியவர் இருபத்திரண்டு வருஷமாக ரோமாபுரிக் காசுகள் சேர்க்கிறார். சின்னவர் ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதுவும் எப்படி? பெரியவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அவருடைய ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "அண்ணா, ரொம்ப நல்லா இருக்கே, நானும் ஆரம்பிக்கவா?" என்று கேட்டார். "தாராளமா" என்று சொல்லித் தொலைத்தார் பெரியவர். அந்தத் தாராளத்தை நினைத்து எட்டு மாதமாக அவர் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

காசு உள்ளங்கைக் குழியை அடைக்கிற அகலம் இருந்தது. வெண்கலம், பாசி படிந்த பச்சை. இடது பக்கம் இலைக்கிரீடம் வைத்த ஒரு வாலிப முகம். அந்த முகம் எதிரே யாரையோ பார்க்கிறது. எதிரே ஆள் இல்லை. ஆள் இருந்த இடத்தில் ஒரு பள்ளமும் நாலைந்து உளித் தழும்புகளும்தான் இருந்தன.

பார்த்ததுமே பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலா? இந்தக் காசைப் பற்றி நாணயச் சங்கத்தின் மலரில் நாலு பக்கம் எழுதியவரே அவர்தான். ரோமாபுரியை ஆண்ட செவேரஸுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கரகல்லா, இளையவன் கெட்டா. இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் கண்டால் ஆகாது. கிழக்கே சில ஊர்க்காரர்கள், பாவம், நல்லெண்ணத்தோடு அண்ணனும் தம்பியும் எதிரெதிரே பார்க்கிற மாதிரி காசு அடித்தார்கள். அப்பன் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆவதற்குள், அம்மா மடியில் இருந்த தம்பியை ஆள்விட்டுத் தீர்த்துக்கட்டினான் அண்ணன். அத்தோடு விட்டானா? தம்பியின் பெயரும் முகமும் எங்கேயும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. கல்லில் பெயரைக் கொத்தி எடுத்தார்கள், சிலைகளை உடைத்தார்கள், சில ஊர்களில் கையில் புழங்குகிற காசைக்கூட விடாமல் தம்பியின் முகத்தை மட்டும் உளியால் சுரண்டினார்கள்.

அப்படிச் சுரண்டிய காசு ஒன்று வேண்டும் என்பதுதான் பெரிய மாப்பிள்ளையின் இருபத்திரண்டு வருஷத்து ஏக்கம். இரண்டு தடவை ஏலத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நழுவிவிட்டது.

பஞ்சை எடுத்ததும் முதல் கேள்வி, "எங்க கெடைச்சுது?"

"கழுவாத காசு ஒரு பொட்டலம் வாங்கினேன் அண்ணா. எரநூறு இருக்கும். மத்ததெல்லாம் தேஞ்ச பொத்தான் மாதிரி. இதை மட்டும் மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து, பல்லுக்காரை எடுக்கிற ஊசியாலயே அழுக்கு எடுத்தேன். பாதி மொகம் போயிருக்கேன்னு தூக்கிப் போடத்தான் இருந்தேன். அப்பறம்தான் உங்க கட்டுரை ஞாபகம் வந்துச்சு."

கேட்டீர்களா? குப்பைக்குப் போயிருக்க வேண்டியதைத் தடுத்து நிறுத்தியது இவருடைய கட்டுரையே! வெறும் கீறல் விழுந்த காசு, தூக்கிப் போடு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொல்ல வரவில்லை. தன் கண்ணால் அடையாளம் கண்டதை இல்லை என்று சொல்ல அவருடைய கர்வம் இடம் கொடுக்கவில்லை.

"அதுதான்" என்றார், மரத்துப்போன உதட்டால்.

சின்னவர் குதிக்காத குறை. பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "இன்னொண்ணு. இந்தக் கடைவாய்ப் பல்லு சும்மா விரிசல் விடல. நீங்க பல்லைக் கடிக்கிறீங்க. தேஞ்சிருக்கறதைப் பாத்தா ஏழெட்டு மாசமா இருக்கும். ஏதாவது கவலையா அண்ணா?"

"எனக்கென்ன கவலை."

"சரி, அடுத்த மாசம் பல்லு மேல உறை மாதிரி ஒரு கேப் போட்டுடலாம். அதுவரைக்கும் மெதுவா கடிங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாணயச் சங்கம் கூடியது. நூலகத்தின் மாடியறை, ஆடுகிற ஒரு மேஜை, சின்னவரையும் சேர்த்துப் பதினொரு உறுப்பினர்கள். வருஷா வருஷம் கீழே கூடத்தில் கண்காட்சி நடக்கும். பதினொரு கண்ணாடிப் பெட்டிகள், ஆளுக்கு ஒன்று. நடுப்பெட்டி யாருடையதோ அவர்தான் திறப்பு அன்றைக்குப் பத்து நிமிஷம் பேசுவார். வந்தவர்கள் அவரைத்தான் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். பெரிய மாப்பிள்ளை சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து நடுப்பெட்டி அவருக்குத்தான். போன வருஷம் யானை பாம்பை மிதிக்கிற சீசர் காசு. அதற்கு முந்தின வருஷம் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய். அச்சகத்தில் நாள் முழுக்க அடுத்தவன் எழுத்தில் தலை குனிந்து கிடக்கிற மனிதன், வருஷத்தில் பத்து நிமிஷம் தலை நிமிர்வது அங்கேதான்.

சின்னவர் காசை மேஜையில் வைத்தார். செயலாளர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மெதுவாகப் பேசத் தெரியாத தொண்டை. "அடேயப்பா! இதுக்குத்தாங்க நடுப்பெட்டி. என்ன சொல்றீங்க?" என்றார். பத்துக் கைகள் உயர்ந்தன. பதினோராவது கை பெரிய மாப்பிள்ளையுடையது. அதையும் தூக்கத்தானே வேண்டும்?

"உங்க யானை இந்த தடவை சுவிட்ச் போர்டு பக்கம் நிக்கட்டும்" என்று சிரித்தார் செயலாளர். "விவரச் சீட்டு எழுதறது வழக்கம்போல நீங்கதான்."

வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன ரோமாபுரி ராஜா, மூஞ்சி தொங்குது?" என்றாள் மனைவி.

"எட்டு மாசம். எட்டே மாசம்தான் ஆகுது அவன் ஆரம்பிச்சு. நடுப்பெட்டி அவனுக்காம்."

"அதனால என்ன? ரெண்டும் நம்ம வீட்டுக் காசுதானே."

"நம்ம வீட்டுக் காசா? அது உன் தங்கச்சி வீட்டுக் காசு!"

"அய்ய, சின்னப் புள்ள மாதிரி" என்று அவள் எழுந்து போனாள். அவள் சொன்னது அவருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய? உள்ளே புகைவது புகைந்துகொண்டுதான் இருந்தது. சின்னவனுக்கு வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, டாக்டர் என்ற பெயர் இருக்கிறது. எடுத்துக்கொள்ளட்டும், இவர் ஒரு நாளும் ஏனென்று கேட்டதில்லை. இந்த ஒன்று மட்டும்தானே இவருடையதாக இருந்தது?

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு, மத்தியானம், அச்சகத்தில் உட்கார்ந்து பதினொரு சீட்டுகளையும் தட்டச்சு செய்தார். முதலில் காசின் விவரம், அப்புறம் அதன் கதை, கடைசி வரியில் 'அளித்தவர்' என்று போட்டு உரியவரின் பெயர். நடுப்பெட்டிச் சீட்டில் கதையை மட்டும் உயிரைக் கொடுத்து எழுதினார். யாருடைய காசாக இருந்தால் என்ன, எழுத்து இவருடையதல்லவா? கடைசி வரிக்கு வந்தார். சின்னவர் பெயரை முழுதாக அடித்தார். பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். 'அளித்தவர்' என்பதையும் அழித்தார்.

அச்சு ஓட்டுகிறவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இந்த ஒண்ணுல மட்டும் கடைசி வரி காணோமே?" என்றார்.

"அவ்வளவுதான். ஓட்டுங்க."

மிஷின் ஓடியது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பெரிய மாப்பிள்ளைக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி, உள்ளதைச் சொன்னால், சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. திரும்பிப் போய்ப் பெயரைச் சேர்த்து அடித்துவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டார்.

திறப்பு அன்று கூடம் நிறைந்திருந்தது. மனைவியும் மைத்துனியும் புதுப்புடவையில் வந்திருந்தார்கள். மைத்துனி நேரே நடுப்பெட்டிக்குப் போனாள். சீட்டைப் படித்தாள். கீழே குனிந்து மறுபடியும் படித்தாள். அவள் முகம் சுருங்கியதைப் பெரியவர் சுவிட்ச் போர்டு பக்கத்திலிருந்து பார்த்தார். அவளுக்குத் தாலி எடுத்துக் கொடுப்பது வரை கல்யாண வேலையெல்லாம் பார்த்தவர் இவர்.

அதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டை எழுந்தது. "என்னங்க இது! யாரு குடுத்ததுன்னே போடலையே! முப்பது வருஷமா ஒரு புள்ளி விட்டவரில்ல நீங்க. உங்க கண்ணுக்கு எப்படித் தப்பிச்சுது?"

கூடமே திரும்பியது. மனைவியும் திரும்பினாள். தப்பிவிட்டது என்று சொன்னால் முப்பது வருஷத்துப் பெயர் போகும். தப்பவில்லை என்று சொன்னால் மானமே போகும்.

"அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"தப்பு இல்லைங்க, வேணும்னே விட்டது" என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. சின்ன மாப்பிள்ளை. "அண்ணாவோட யோசனை. காசுல மொகத்தைச் சுரண்டியிருக்காங்க, அதனால சீட்டுல பேரையும் சுரண்டியாச்சு. பாக்குறவங்க, யாருப்பா அது, பேரே காணோமேன்னு கேப்பாங்கள்ல? அதான்."

"அட! அட!" என்று செயலாளர் தொடையில் தட்டினார். "இந்த மூளை வேற யாருக்கு வரும்!"

பிறகு நடந்ததைக் கேளுங்கள். பெயரைப் போட்டிருந்தால் நாலு பேர் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். போடாததால் வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் செயலாளர் கத்திச் சொன்னார், பல் டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பேச வேண்டிய நேரம் வந்ததும் சின்னவர், "எனக்கு என்ன தெரியும், அண்ணா பேசட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார். பெரிய மாப்பிள்ளை பேசினார். கைதட்டினார்கள். இத்தனை வருஷம் இனித்த பத்து நிமிஷம் அன்றைக்குப் பிச்சை வாங்கித் தின்றது மாதிரி இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "யோசனை நல்லாத்தான் இருந்துச்சு. எங்க தோணுச்சு?"

"அச்சகத்துல."

"அதை அவர்கிட்ட எப்ப சொன்னீங்க?"

அவர் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அடுத்த வாரம் கேப் போடப் போனார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"மொதல்ல வாயைத் திறங்க அண்ணா."

திறந்தார். இரண்டு கன்னத்திலும் பஞ்சு ஏறியது. நாக்கடியில் குழாய் மாட்டியது. பிறகு சின்ன மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நான் பேசறேன், நீங்க கேளுங்க. உங்க பல்லு எட்டு மாசமா தேஞ்சிருக்கு. நான் காசு சேக்க ஆரம்பிச்சு எட்டு மாசம். இது புரியாமலா நான் பல் டாக்டரா இருக்கேன்? சீட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கோவம் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. உங்க மச்சினி அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதா. ஆனா நான் மட்டும் என்ன யோக்கியம்? மாமியார் வீட்டுல எதுக்கெடுத்தாலும், பெரிய மாப்பிள்ளையைக் கேளுங்க, பெரிய மாப்பிள்ளை படிச்சவர், பெரிய மாப்பிள்ளை மாதிரி உண்டான்னு பேச்சு. நான் ஒருத்தன் அங்க உக்காந்திருக்கறதே யாருக்கும் தெரியாது. ஒரு காலத்துல உங்க மேல எனக்கு அப்படி ஒரு வயித்தெரிச்சல் அண்ணா. அந்த எரிச்சல்லதான் காசே வாங்க ஆரம்பிச்சேன்."

பெரிய மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். தன்னைப் பார்த்தா? இந்த வீடும் காரும் வைத்திருக்கிற டாக்டருக்குத் தன்னைப் பார்த்தா வயிறு எரிந்தது? நெஞ்சில் குபுகுபுவென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. வெட்கமில்லாத சந்தோஷம். பஞ்சு மட்டும் இல்லாவிட்டால் சிரித்தே இருப்பார்.

"காசை நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்ல மாட்டேன். அது என்னோடது. அடுத்த வருஷம் மட்டும் பேரைப் போட்டுடுங்க, அவளுக்காக" என்று சொல்லிக்கொண்டே சின்னவர் எழுந்து பல்லின் மேல் கேப்பைப் பொருத்தினார். சீட்டியடித்தபடி பொருத்தினார். மனதில் ஒன்றும் இல்லாதவன் அடிக்கிற சீட்டி.

அப்போதுதான் பெரியவருக்கு அது உறைத்தது. ஒரு காலத்துல என்றானே. அப்படியானால் இப்போது இல்லை. வயிறு எரிந்து முடிந்து, காசும் கிடைத்து, மன்னிக்கவும் தெரிந்து, அவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டான். தன்னைப் பார்த்து ஒருத்தன் பொறாமைப்பட்ட நாளெல்லாம் தனக்கே தெரியாமல் வந்து, தெரியாமலே முடிந்தும் போயிருக்கிறது.

சின்னவர் பஞ்சை உருவினார். "இப்ப கடிங்க அண்ணா. நல்லா அழுத்திக் கடிங்க."

அதை இவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? கடித்தார்.