சேம் சைடு கோல்

அப்பாவின் முடியிலிருந்து கண்ணாடிச் சில்லுகளை அவள் நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட இடத்தை மட்டும் மழித்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் ரத்தம் காய்ந்து முடி கொத்துக் கொத்தாக ஒட்டிப்போயிருந்தது. ஜக்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றித் துடைத்தாள். ஒரு சில்லு விரலைக் கீறியது. பாவாடையில் துடைத்துவிட்டு அடுத்ததைத் தேடினாள்.

தம்பி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கிளப்பின் டிராக் சூட்டைக்கூட மாற்றாமல் வந்திருந்தான்.

"யாருக்கா அடிச்சது?" என்றான். வந்ததிலிருந்து இதைத்தான் கேட்கிறான்.

"கூட்டம்டா. யாருன்னு பாக்க?"

"ஒரு மூஞ்சிகூடவா தெரியல?"

"வெந்நி ஆறுது. அந்தத் துண்டை எடு."

போலீஸ்காரரிடமும் தெரியாது என்றுதான் சொல்லியிருந்தாள்.

தெருவில் தம்பிக்கு ஷட்டர் என்று பேர். அப்பா மூட்டை தூக்கிய கிடங்கில்தான் அவளும் சாக்கு தைத்தாள். அம்மா இல்லாத வீடு. பள்ளிக்கூடம் விட்டால் அவனும் அங்கேதான் வருவான். லாரி வராத நேரத்தில் சுமைக்காரர்கள் முற்றத்தில் பந்து உதைப்பார்கள். கிடங்கின் இரும்பு ஷட்டர்தான் கோல். அதில் பந்து பட்டால் மதியத் தூக்கம் கலைந்து முதலாளி எழுந்து வருவார். முதல் திட்டு அப்பாவுக்குத்தான். அதனால் அவன் ஷட்டருக்கு முன்னால் நின்று, நெஞ்சாலும் முட்டியாலும் மூஞ்சியாலும் பந்தை மறித்தான்.

எல்லாரையும்விட ஓங்கி உதைப்பவன் கொக்கு. தெருவிலேயே உயரமானவன். அப்பா ஒரு முனை பிடித்தால் மூட்டையின் மறுமுனையைப் பிடிப்பவன். ஒருநாள் அவன் உதைத்த பந்தில் தம்பியின் மூக்கு உடைந்தது. ரத்தத்தைப் புறங்கையால் வழித்துவிட்டு, "இன்னொண்ணு அடிங்க சித்தப்பா," என்றான் பொடியன். கிளப் தேர்வுக்கு அப்பாவுக்கு லீவு கிடைக்காதபோது கூட்டிக்கொண்டு போனது கொக்குதான். திரும்பும்போது தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவெல்லாம் கத்திக்கொண்டு வந்தான்.

தம்பி வளர்ந்தான். முதலில் பையன்கள் அணி, பிறகு ஊர் கிளப்பின் பெரிய அணி, பின்வரிசையில் அசைக்க முடியாத இடம். அவனைத் தாண்டிப் போகிறவன் நொண்டிக்கொண்டுதான் போவான் என்று தெரு பெருமையடித்துக்கொண்டது. ஒரு ஆட்டத்தில் எதிரணிப் பையன் ஒருத்தனின் கணுக்கால் இவன் காலுக்கடியில் முறிந்து, பாதம் வேறு பக்கம் பார்த்தது. டீக்கடை டிவியில் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் கைதட்டல். கொக்கு பெஞ்சின் மேல் ஏறி ஆடினான். அப்பா மட்டும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். "யார் பெத்த புள்ளையோ," என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

முந்தாநாள் சாயங்காலம் வெளியூரில் இறுதி ஆட்டம். முடியப்போகிற நேரத்தில் குறுக்கே வந்த பந்தைத் தட்டிவிட தம்பி காலை நீட்டினான். அது அவன் பாதத்தில் பட்டுத் திரும்பி, சொந்த வலைக்குள்ளேயே போய் விழுந்தது. சேம் சைடு கோல். டீக்கடைப் பக்கம் ஒரு பாட்டில் உடைந்தது.

"வித்துட்டான்டா! நம்மள வித்துட்டான்!"

முதல் கல் தகரக் கூரையில் விழுந்தது. பிறகு கதவை உதைக்க ஆரம்பித்தார்கள். அவள் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "திறக்காதீங்கப்பா."

அப்பா அவள் விரல்களை மெல்லப் பிரித்தார். "எல்லாம் நம்ம ஆளுங்கதாம்மா. பேசினா போயிடுவானுங்க."

பனியனோடு வெளியே போனார். "ஏம்பா, வேணும்னா அடிச்சான்?" என்று ஆரம்பித்தார். முதல் அடி வாயில் விழுந்தது. அடுத்தது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கீழே விழுந்தவரை மிதித்தார்கள். மூட்டையை மிதிப்பது போலத்தான் சத்தம் கேட்டது. அவள் கத்திக்கொண்டே நடுவில் புகுந்து இழுத்தாள். எப்படியோ எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அதற்கும் மேலே ஒரு கை. கையில் செங்கல்.

செங்கல் அப்பாவின் தலையில் பட்டு ஜன்னலையும் உடைத்தது. கொக்கு அவளைப் பார்த்தான். வெறும் கையாகிவிட்ட பிறகும் அதைக் கீழே இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

சரக்கு வண்டியில் போட்டுக் கொண்டுபோகும்போது அப்பாவின் தலை அவள் மடியில் இருந்தது. உதடு கிழிந்திருந்ததால் பேச்சு குழறியது.

"கொக்குன்னு தம்பிகிட்ட சொல்லாத. கொன்னுடுவான். அவன் ஆடணும். ஜெயிலுக்குப் போகக்கூடாது."

இன்று விடியும்போது போய்விட்டார்.

கிடங்கு ஆட்கள் வந்து பெட்டியை இறக்கினார்கள். அப்பாவை வெள்ளைச் சட்டை போட்டு அதில் கிடத்தினார்கள். தெருவும் வந்தது. மிதித்த கால்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கொக்கு கடைசியாக வந்தான். குனிந்து நிலையைத் தாண்டியவன், பெட்டியின் கால்மாட்டில் விழுந்து அலறினான்.

"அண்ணே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

தம்பி அவனைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டான். "அழாதீங்க சித்தப்பா. பெட்டிக்கு முன்பக்கம் நீங்கதான் பிடிக்கணும். அப்பாகூட மூட்டை பிடிச்ச கை இல்லையா."

கொக்கு அந்தக் கையை நீட்டி அப்பாவின் நெற்றியைத் தொடப்போனான்.

ஜக்கு இன்னும் அவளிடம்தான் இருந்தது. எப்போது ஓங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் கன்னத்து எலும்பில் அது மோதிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"தொடாத!"

இன்னொரு அடி. அதே இடத்தில் இன்னொன்று. அலுமினியம் நசுங்கி, பிடி கழன்று விழுந்தது. பிறகு கையாலேயே அடித்தாள். கோணி ஊசி பிடித்துக் காய்த்துப்போன கை. அவன் உதடு பிளந்து ரத்தம் தாடையில் வழிந்தது. அத்தனை உயரமானவன் ஒரு கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவரும் நகரவில்லை.

"அக்கா." தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "எதுக்கு அடிக்கிற?"

"குடிச்சிட்டு வந்திருக்கான்."

"இப்பதானே கட்டிப்பிடிச்சேன். வாடையே இல்லையே."

கொக்கு ரத்தத்தோடு வாயைத் திறந்தான். "தம்பி, நான்தான்..."

"வாய மூடு! போடா வெளிய!" கையை உதறிக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படியில் தள்ளினாள். அவன் உருண்டு, எழுந்து, தள்ளாடிக்கொண்டே தெருவில் ஓடினான்.

தம்பி வாசலுக்கு வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தெருமுனைக்குள் அவனை எட்டிப் பிடித்துவிடுவான். பிடித்தால் என்ன ஆகும் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டது.

"டேய்," என்றாள். "அப்பாவைத் தூக்கணும்."

"அவன்தானேக்கா?"

"அப்பாவைத் தூக்கணும்டா."

அவன் திரும்பாமல் நின்றான். முதுகு ஏறி ஏறி இறங்கியது. ஓடுகிறவன் முனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் உள்ளே வந்து பெட்டியின் முன்பக்கம், இடது மூலையில் கை வைத்தான்.

வலது மூலைக்குக் கிடங்கு ஆள் ஒருவர் வந்தார். "நான் பிடிக்கிறேன்," என்று அவரை விலக்கிவிட்டு அவள் நின்றாள்.

தூக்கினார்கள். தம்பியின் தோளுக்கும் அவள் தோளுக்கும் ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம். பெட்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே அப்பா லேசாக நகர்ந்தது தோளில் தெரிந்தது.

"உசரமா யாராச்சும் மாத்திக்குங்கப்பா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தம்பி முட்டியை மடக்கினான். பெட்டி மட்டத்துக்கு வந்தது. அப்படியே, மடக்கிய முட்டியோடு, தெரு முழுக்க நடந்தான்.