சிலந்தியின் பட்டினியும் என் மாமியாரின் இரக்கமும்

என் மனைவி வளர்க்கும் டாரன்டுலா சிலந்தி பல நாட்களாகவே உணவை மறுத்து வந்தது. அது நோயன்று; சட்டை உரிப்பதற்கான ஆயத்தம். வயிற்றின் மேற்புறத்தில் மயிர் உதிர்ந்த இடம் கருத்துப் பளபளத்தது. நடை தளர்ந்தது. கண்ணாடித் தொட்டியின் மூலையில் அது தனக்கென வெண்ணூல் விரிப்பொன்றையும் நெய்து முடித்திருந்தது.

அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் புறப்பட்ட என் மனைவி, வாசலில் நின்று மீண்டும் நினைவூட்டினாள்.

"ஏங்க, சின்னவ எப்ப வேணா மல்லாந்து படுத்துடுவா. செத்துட்டான்னு நினைச்சுத் தொட்டுடாதீங்க. தண்ணி மட்டும் வைங்க, பூச்சி போடவே கூடாது. உரிச்ச புதுசுல உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். பூச்சியே அவளைக் கடிச்சுத் தின்னுடும்."

சின்னவள் என்று பெயரிட்டு, விரல்நக அளவிலிருந்து அவள் வளர்த்த உயிர் அது. இத்துணைத் தெளிவான அறிவுரையைப் பின்பற்றுவது எளிதென்றே எண்ணினேன். வீட்டில் என் மாமியாரும் இருக்கிறார் என்பதை நான் கருதிப் பார்த்திருக்க வேண்டும்.

மாமியார் அந்தத் தொட்டியை நேராகப் பார்த்ததே இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் அவ்வறையைக் கடப்பார். கடக்கும்போதெல்லாம் விசாரிப்பார்.

"என்ன மாப்பிள்ளை, அந்தச் சனியன் இன்னைக்காவது ஏதாவது சாப்பிட்டுச்சா?"

"சாப்பிடாது அத்தை. தோல் உரிக்கப் போகுது."

"உரிக்கிறதுக்குத் தெம்பு வேணாமா? வாயில்லா ஜீவனை இப்படிக் காயப் போடுறீங்களே."

"அதுக்கு வாய் இருக்கு அத்தை. விஷப் பல்லோட இருக்கு."

"எதுக்கெடுத்தாலும் ஒரு பதில் வச்சிருப்பீங்க."

இவ்வுரையாடல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போல வேளை தவறாமல் நிகழ்ந்தது.

நான் செயற்கைப் பற்கள் செய்பவன்; என் பட்டறையும் அதே அறையில்தான் இருக்கிறது. ஒரு நாள் காலை நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, சிலந்தி தன் விரிப்பின்மேல் மல்லாந்து கிடந்தது. அதிர்வு ஆகாது என்பதால் மெருகேற்றும் மோட்டாரை அன்று இயக்கவில்லை. எவரோ ஒருவருக்குரிய மேல்வரிசைப் பற்கள் பாதி மெருகில் மேசையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. சிலந்தியின் முதுகு ஓடு வெடித்து, கையுறையிலிருந்து விரல்கள் வெளிவருவதைப் போல வெளிறிய புதுக்கால்கள் மெல்ல மெல்ல வெளிவரத் தொடங்கின.

அப்போது தொட்டிக்குள்ளிருந்து 'கிரீச், கிரீச்' என்று ஓர் ஒலி எழுந்தது. சிலந்திகள் அவ்வாறு பாடுவதில்லை. சிலந்திக்கு இரையாக நாங்கள் டப்பாவில் வைத்திருக்கும் சுவர்க்கோழிப் பூச்சிகளே பாடும்.

"அத்தை!"

"ஏன் கத்துறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"தொட்டிக்குள்ள பூச்சி போட்டீங்களா?"

"போடல." சற்றுப் பொறுத்து, "நீங்க குளிக்கப் போனப்ப மூடியைக் கொஞ்சம் திறந்தேன். அதுவாக் குதிச்சுது," என்றார்.

"டப்பாவுலேர்ந்தா?"

"டப்பாவை நான்தான் சாய்ச்சேன்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். தொட்டிக்குள் கிடந்த மரப்பட்டையின் அடியில் மீசையை ஆட்டிக்கொண்டிருந்த அப்பூச்சியை, மூச்சையும் அடக்கி, நீண்ட இடுக்கியால் பற்றி வெளியே எடுத்து டப்பாவில் அடைத்தேன். நிம்மதியுடன் நாற்காலியில் சாய்ந்தேன்.

தொட்டிக்குள் மீண்டும் கிரீச், கிரீச்.

"அத்தை, எத்தனை விட்டீங்க?"

"பசிக்கு ஒண்ணுதான்."

"அப்ப இது?"

"அது துணைக்கு."

"யாருக்குத் துணை?"

"அந்தப் பூச்சிக்குத்தான். புது இடத்துல தனியா விட்டா பயந்துக்காதா?"

தின்னப்படுவதற்காக அனுப்பப்பட்ட ஒன்றுக்குத் துணை அனுப்பிய அந்த அறிவை வியந்து நிற்க அவகாசம் இல்லை. இரண்டாம் பூச்சி சிலந்தியின் அருகிலேயே நின்று, பால்போல் வெளுத்த ஒரு காலை மீசையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. இடுக்கியை நுழைத்தேன். என் கை நடுங்கியது. இரும்பு முனை அந்தக் காலில் பட்டால் கால் கிழிந்துவிடும்.

"தள்ளுங்க," என்றார் மாமியார்.

வளையல்களைக் கழற்றி அந்தப் பற்களின் அருகே வைத்தார். முதன்முறையாகத் தொட்டிக்குள் நேராக நோக்கினார்.  பிறகு கையை உள்ளே விட்டு, சிலந்தியின் மயிர் கூட அசையாதபடி, இரு விரல்களால் பூச்சியைக் கிள்ளி எடுத்தார். எடுத்தவர் அங்கிருந்து நகரவில்லை. பிடித்த பூச்சியோடு தொட்டியின் மேல் குனிந்து நின்றார்.

"இழு கண்ணு. இன்னும் கொஞ்சந்தான். அந்தக் காலை இழு."

கடைசிக் காலும் வெளிவந்தது. பழைய தோல் இன்னொரு சிலந்தியைப் போல ஒதுங்கிக் கிடக்க, சின்னவள் அதனருகே மெல்ல அசைந்தாள்.

கைப்பேசி ஒலித்தது; என் மனைவிதான். நான் வாய் திறப்பதற்குள் மாமியார் அதைப் பறித்துக்கொண்டார்.

"நல்லா இருக்காடி. உரிச்சு முடிச்சுட்டா. பூச்சியைக்கூட நான்தான் எடுத்தேன். மாப்பிள்ளைக்குக் கை நடுங்குது, பாவம். இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படித்தான் பல்லு செய்யறாரோ!"

 மறுமுனையில் என் மனைவியின் குரல் எனக்கும் கேட்கும் அளவுக்கு உயர்ந்தது.

"பூச்சி எப்படிம்மா உள்ள போச்சு?"

மாமியார் என்னைப் பார்த்தார். மேசையிலிருந்த பற்களும் என்னைப் பார்த்தன.

"அதை நீ உன் புருஷன்கிட்டயே கேளு," என்று கூறி, கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.